கடையில் வேலை செய்த டச் ஸ்கிரீன் வீட்டில் ஏன் நின்றது?

பாளையங்கோட்டையில் வசிக்கும் ஒரு கணக்கு டீச்சரின் லேப்டாப் இது. பணி ஓய்வுக்குப் பிறகு எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார். திரையைப் பின்பக்கமாக முழுக்க மடக்கி மேஜையில் படுக்க வைத்து, விரலாலோ ரப்பர் முனை வைத்த பேனாவாலோ அதன் மேல் எழுதுவார். அவர் எழுதுவது அப்படியே பிள்ளைகளின் போனில் தெரியும். டச் நின்றால் வகுப்பும் நின்றுவிடும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு முக்கோணம் வரைந்து அதற்குச் செங்குத்துக் கோடும் போட்டு இரண்டு மணி நேரம் பாடம் நடத்த முடியாது.

மாசி மாதத்தில் ஒரு நாள் என் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வந்தார். வாங்கி இரண்டு வருடம் ஆன இயந்திரம். பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து டச் சரியில்லை என்றார். வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். டச் பேனல் போய்விட்டது, மாற்ற 11,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"காலைல பேப்பர் திருத்தும்போது நல்லாத்தான் இருக்கு தம்பி. சாயங்காலம் கிளாஸ் ஆரம்பிச்சா மக்கர் பண்ணுது. சில நாள் சுத்தமா வரவே வராது."

இந்த மூன்று வாக்கியத்திலேயே முழு விடையும் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு அது கேட்கவில்லை. சாயங்காலம் என்றதும் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முறை: ஒரு உண்மையான கோளாறு

கடையில் லேப்டாப்பைத் திறந்தபோது டச் வேலை செய்யவில்லை. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்ற வரியை விரித்துப் பார்த்தால், அங்கே இருக்க வேண்டிய 'எச்.ஐ.டி. கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' இல்லை. அதற்கு அடிப்படையான ஐ2சி எச்.ஐ.டி. டிவைஸ் மஞ்சள் முக்கோணத்தோடு, கோட் 10 என்று நின்றது. அந்த டிவைஸைத் தொடங்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பல லேப்டாப்களில் டச் பேனல் மதர்போர்டோடு பேசுவது இந்த ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியில்தான். அந்த வழியைக் கவனிக்கும் சிப்செட் டிரைவர் என்ற மென்பொருள் சரியாக எழுந்திருக்கவில்லை என்றால், பேனல் நல்ல நிலையில் இருந்தாலும் விண்டோஸுக்கு அது தெரியாது. ரீஸ்டார்ட் கொடுத்ததும் டச் வந்துவிட்டது.

"தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே வைக்கேன்?" என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கரு முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். நேற்று மாட்டிக்கொண்ட டிரைவர் இன்றைக்கும் மாட்டிக்கொண்ட நிலையிலேயே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டச் காணாமல் போனால் முதலில் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதிதாக ஏற்றினேன். ஐ2சி டிவைஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்த டிவைஸை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். மூடித் திறந்தேன், தூங்க வைத்து எழுப்பினேன், பத்துப் பன்னிரண்டு முறை சோதித்தேன். ஒரு தடவைகூட டச் தவறவில்லை. பொங்கல் வாரத்தில் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்ததாக டீச்சரும் சொல்லியிருந்தார். அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நாளும் காரணமும் பொருந்தியதால் அதற்கு மேல் தேடவில்லை.

அன்றைக்கு அவர் சார்ஜரைக் கொண்டு வரவில்லை. பெரும்பாலும் பேட்டரியிலும், நடுவே கொஞ்ச நேரம் என் கடை சார்ஜரிலும் சோதித்தேன்.

இரண்டாம் முறை

மூன்றே நாளில் போன். "தம்பி, மறுபடியும் அதே கதைதான்."

இந்த முறை சார்ஜரையும் கொண்டு வரச் சொன்னேன். அவருடைய சார்ஜரை என் மேஜையில் செருகி இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். நன்றாக வேலை செய்தது. வெப்பத்தைச் சோதிக்க இயந்திரத்துக்குக் கனமான வேலை கொடுத்து மின்விசிறி இரையும் வரை சூடாக்கினேன். அப்போதும் டச் தடுமாறவில்லை. திரையின் மேல் ஒட்டியிருந்த ஸ்கிரீன் கார்டை உரித்தேன். திரையை ஒவ்வொரு கோணத்திலும் நிறுத்தி நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். கீல் வழியாகப் போகும் டச் பேனலின் பட்டை ஒயர் நைந்திருந்தால் ஒரு கோணத்தில் வரும், இன்னொரு கோணத்தில் போகும். அதுவும் இல்லை. அடிமூடியைக் கழற்றிப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்தேன். தட்டையாக இருந்தது.

ஒரு குறையும் கிடைக்காமல் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது சங்கடமான வேலை. நல்லவேளையாக டீச்சரே ஒரு வழி சொன்னார். "ஆறு மணிக்கு வீடியோ கால் போடுதேன், நீங்களே பாருங்க."

பார்த்தேன். பெயின்ட்டைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு மெதுவாக இழுக்கச் சொன்னேன். கோடு புள்ளி புள்ளியாக அறுந்தது. விரல் இருக்கும் இடத்திலிருந்து விலகி, அதே நேர் வரிசையில் நாலு விரற்கடை தள்ளி தானாகவே ஒரு கீறல் விழுந்தது. பிறகு முழுதாக நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள் என்றேன். பிடுங்கிய நொடியில் கோடு வழுவழுவென்று வந்தது.

அப்போதுதான் அந்தக் காலை, மாலைக் கணக்குப் புரிந்தது. காலையில் அவர் பேப்பர் திருத்துவது பேட்டரியில். மாலையில் இரண்டு மணி நேர வகுப்புக்கு சார்ஜரைச் செருகிவிடுவார்.

சார்ஜர்தான் குற்றவாளி என்று, என்னிடம் இருந்த அதே வாட் கொண்ட நல்ல சார்ஜர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அதே வீடியோ, அதே புள்ளிக் கோடு.

டீச்சர் வீட்டில்

மூன்றாவதாக நானே போனேன். வகுப்பறையாக வைத்திருக்கும் முன்னறையில் மர மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு சிமெண்டுத் தரை. அப்போதுதான் துடைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், நின்றபடியே திரையைத் தொட்டேன். எதுவும் வரவில்லை.

"நகருங்க, நான் காட்டுதேன்" என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூட்டு வலி என்பதால் கால் இரண்டையும் தூக்கி நாற்காலியின் மேலேயே மடக்கி வைத்துக்கொண்டார். விரலால் ஒரு கோடு போட்டார். வந்தது. வளைவாக இன்னொன்று. அதுவும் வந்தது. "பாத்தீங்களா, நீங்க வந்ததும் நல்லாயிடுச்சு" என்றார்.

எனக்கு வராதது அவருக்கு எப்படி வருகிறது? நான் மறுபடி தொட்டேன், வரவில்லை. அவர் தொட்டார்; வந்தது. காலைக் கீழே வைக்கச் சொன்னேன். அவருக்கும் நின்றுபோனது. காலைத் தூக்கினார்; வந்தது. ஐந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஐந்து முறையும் அப்படியே.

அடுத்து நான் வெறுங்காலோடு தரையில் நின்று, இடது கை விரலை லேப்டாப்பின் பக்கவாட்டில் யுஎஸ்பி துளையின் உலோக விளிம்பில் வைத்துக்கொண்டு வலது கையால் திரையில் எழுதினேன். கோடு அறுபடாமல் வந்தது. இடது விரலில் எறும்பு ஊர்வது போல ஒரு சுருசுருப்பு இருந்தது. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதே விளிம்பில் வைத்தேன். உள்ளே இருக்கும் நியான் மங்கலாக எரிந்தது.

இன்னும் ஒரு சோதனை செய்தோம். இந்த மாடலில் விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, பயோஸ் திரையிலும் விரலால் தொட்டு மெனுவை மாற்றலாம். சார்ஜரைச் செருகிய நிலையில் அங்கும் டச் தடுமாறியது. விண்டோஸே ஓடாத இடத்தில் விண்டோஸ் அப்டேட்டைக் குறை சொல்ல முடியாது. இதை முதல் நாளே அவர் வீட்டில், அவர் சுவரில் செருகி வைத்துச் செய்யச் சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, ஜன்னல் வழியாக அவர்கள் வீட்டிலிருந்து மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றை இழுத்தோம். அதே மேஜை, அதே லேப்டாப், அதே சார்ஜர், அதே ஈரத் தரை, அதே வெறுங்கால். மின்சாரம் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து. டச் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. டெஸ்டரும் எரியவில்லை.

விரலும் ஒரு பாகம்

இங்கே கொஞ்சம் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால், நாற்காலி மேல் கால் வைத்தால் டச் வருகிறது என்பது மந்திரம் போல இருக்கும்.

லேப்டாப்பின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் கோலப் புள்ளிகளைக் கோத்தது போல ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. ஒரு வரிசையில் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட சிறு மின்துடிப்பை அனுப்பி, குறுக்கே போகும் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கன்ட்ரோலர் அளக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை முழுத் திரையையும் இப்படி அளந்து முடிக்கும். விரல் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் மின்னூட்டம் விரல் வழியாக நழுவுகிறது. அந்தக் குறைவு ஒரு பைக்கோஃபாரடுக்கும் (ஃபாரடு என்ற அளவில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கீழே. இவ்வளவு நுண்ணியதை வைத்துத்தான் நாம் எழுதும் 'அ' திரையில் வருகிறது.

ஆக, தொடுகிற மனிதரின் உடம்பும் இந்த மின்சுற்றில் ஒரு பாகம். 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் ராயல் ராடார் எஸ்டாப்ளிஷ்மென்டில் இருந்த இ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக விரலால் தொடும் திரையைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து இது மாறவில்லை.

இப்போது சார்ஜருக்கு வருவோம். உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சுற்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை, சில வகைகளில் லட்சம் முறைக்கும் மேல், மின்சாரத்தை வெட்டி வெட்டி மாற்றுகிறது. அதில் எழும் மின் இரைச்சலை வழித்து எர்த்துக்கு (மண்ணோடு சேரும் கம்பிக்கு) அனுப்ப, கரண்ட் வரும் பேஸ் கம்பியிலிருந்தும் அது திரும்பும் நியூட்ரலிலிருந்தும் எர்த் பின்னுக்கு ஒய் கெபாசிட்டர் என்ற சிறிய கெபாசிட்டர்களை வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் இரைச்சல் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடலையே தூக்கிக்கொண்டு ஆடும். இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் அந்த உடல் மிதக்கும். கரண்ட் மிகமிகக் குறைவு, ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. அதனால்தான் ஷாக் அடிக்காமல் சுருசுருவென்று மட்டும் இருக்கிறது.

வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் நான் மண்ணோடு சேர்ந்தவன். லேப்டாப் மண்ணிலிருந்து அறுந்து ஆடுகிறது. நான் தொட்டதும் அந்த ஆட்டம் முழுவதும் என் விரல் வழியாகத் திரைக்குள் பாய்கிறது. விரலின் சிறு சைகை அந்த இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. கன்ட்ரோலர் வேறு அதிர்வெண்ணுக்கு மாறிப் பார்க்கும். அங்கும் இரைச்சல் என்றால் தொடுகையைத் தள்ளிவிடும், அல்லது அதே வரிசையில் இல்லாத விரலை இருப்பதாகக் காட்டும். பெயின்ட்டில் தள்ளி விழுந்த அந்தக் கீறல் இதுதான். காலைத் தூக்கினால் உடம்பும் மண்ணை விட்டு விலகி லேப்டாப்போடு சேர்ந்து ஆடுகிறது. இடது கையால் உலோகத்தைத் தொட்டாலும் அப்படித்தான். இரண்டும் ஒன்றாக ஆடினால் வித்தியாசம் இல்லை, இரைச்சலும் இல்லை.

இரண்டு பின் வைத்த சார்ஜர்களில் எர்த்தே கிடையாது. அவற்றில் இதே தொல்லை வேறு வழியில் வரும். மட்டமான போன் சார்ஜரில் போட்டுக்கொண்டே டைப் செய்தால் எழுத்து தாறுமாறாக விழுவதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

சுவருக்குள் என்ன இல்லை

மல்டிமீட்டரை வைத்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232 வோல்ட். பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் 119. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 112. எர்த் நல்லபடி இருந்தால் இரண்டாவது கணக்கு முதலாவதை ஒட்டியும், மூன்றாவது ஒன்றிரண்டு வோல்ட்டாகவும் இருக்க வேண்டும். வீட்டில் எந்த பிளக் பாயின்ட்டில் வைத்தாலும் இதே கதை. ஒரு பாயின்ட்டில் இல்லை, வீட்டுக்கே எர்த் இல்லை.

என் வேலை அங்கே முடிந்தது. வயரிங்கில் கை வைக்கும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். யாரும் எந்த இரும்பையும் தொடக் கூடாது என்றும் சொன்னார். பேஸிலிருந்து எர்த்துக்குக் குண்டு பல்பு போட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யப் போகிறார். எர்த் அறுந்த வீட்டில் அப்படிப் போட்டால் எர்த் கம்பியோடு சேர்ந்த அத்தனை பொருளின் உடலிலும் கரண்ட் வந்து நிற்கும். பலர் யோசிக்காமல் செய்யும் சோதனை இது. தயவு செய்து நீங்களாக முயலாதீர்கள். பல்பு எரியவில்லை.

"முத்தத்துல எப்பம்மா சிமெண்ட் போட்டீங்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"பொங்கலுக்கு முந்தி. வெள்ளையடிக்கும்போது சேத்துப் போட்டோம்."

மீட்டர் போர்டிலிருந்து இறங்கி வந்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் கம்பி, புதுத் தளத்துக்கு ஒரு சாண் மேலே துருப்பிடித்து முறிந்திருந்தது. எர்த் குழி இருந்த இடம் தளத்துக்கு அடியில். மண்ணைச் சமன் செய்தபோது கம்பி வளைந்து, ஏற்கெனவே துரு ஏறியிருந்த இடத்தில் விட்டுப் போயிருக்கிறது. அதே வாரத்தில்தான் விண்டோஸ் அப்டேட்டும் வந்தது. லேப்டாப்பில் புதிதாக என்ன மாறியது என்று மட்டும் கேட்டேனே தவிர, வீட்டில் என்ன மாறியது என்று கேட்கத் தோன்றவில்லை.

டச் போனதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. "வாஷிங் மெஷின்லயும் சுரீர்னு அடிக்கும், ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்னு நினைச்சேன்" என்றார் டீச்சர். அப்படித்தான் என்று எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளின் எர்த்தும் வீட்டுக்குள் ஒரே கம்பியில் சேர்கின்றன. அந்தக் கம்பி மண்ணைத் தொடவில்லை என்றால், ஏதாவது ஒன்றில் பேஸ் உடலோடு ஒட்டிய நாளில் ஃப்ரிட்ஜ் கதவு, கிரைண்டர், லேப்டாப் எல்லாவற்றிலும் 230 வோல்ட் நிற்கும். ஃப்யூஸ் போகாது, கரண்ட் அதிகமானால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது. யாராவது தொடும் வரை தெரியவே தெரியாது. இரண்டு மாதமாக அந்த வீடு அப்படி இருந்திருக்கிறது. அதை முதலில் சொன்னது அந்த டச் ஸ்கிரீன்தான்.

அண்ணாச்சி இரண்டு நாளில் வேலையை முடித்தார். முற்றத்தின் ஓரத்தில் புதுக் குழி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், கரியும் உப்பும் அடுக்கடுக்காக. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல்லி டீச்சரை நான் வற்புறுத்தினேன். எர்த் குழி மட்டும் இருந்தால் எம்.சி.பி.யை உடனே விழவைக்கும் அளவுக்கு எல்லா நேரமும் கரண்ட் பாயாது, ஆர்.சி.சி.பி. சிறு கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும்.

மறுபடி அளந்தோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231. பேஸுக்கும் எர்த்துக்கும் 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.3. டெஸ்டர் யுஎஸ்பி விளிம்பில் இருட்டாக இருந்தது. துடைத்த தரையில் வெறுங்காலோடு நின்று பெயின்ட்டில் மூலைக்கு மூலை கோடு இழுத்தேன், எங்கும் அறவில்லை. நான் முதல் முறை செய்த டிரைவர் மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டேன், கோட் 10 அதன் பிறகு வரவில்லை. அது தனிக் கோளாறு, தற்செயலாக இதோடு சேர்ந்து வந்தது. டச் பேனலை மாற்றியிருந்தால் 11,500 ரூபாய் போயிருக்கும், புதுப் பேனலும் மாலை ஆறு மணிக்கு நின்றிருக்கும்.

அன்று இரவு 8 மணி தாண்டிப் போன் வந்தது. "ரெண்டு மணி நேரமும் கால கீழ வச்சுத்தான் எழுதுனேன் தம்பி. ஒரு கோடு விடலை."

குழிக்கு இந்த முறை சிமெண்ட் மூடி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்துவிடாமல் இருக்க வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார் அண்ணாச்சி. காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறார் டீச்சர்.